கடல் கடந்த வேதியியல் மாணவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

தமிழில் படித்துவிட்டு வேதியியல் பட்ட வகுப்பில் சேரும் மாணவனுக்கு முதல் நாளில் இரண்டு பாடங்கள் ஒன்றாகத் தொடங்குகின்றன. ஒன்று வேதியியல்; மற்றொன்று ஆங்கிலம். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, சமன்பாட்டைப் பிழையின்றி எழுதத் தெரிந்தவன் அவன். ஆக்சிடேஷன், ரிடக்ஷன் என்று கேட்டவுடன் ஏதோ புதுப் பொருள் என்று எண்ணித் திகைத்து நிற்கிறான். கையில் இருந்த பொருளையே காணாமற் போக்கியவன் போன்ற நிலை அது. நம்மில் பலர் அந்தத் திகைப்பை அறிவோம். முதல் பருவத்தில் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா என்று எண்ணியவர்களில் நானும் ஒருவன்.

அந்நாட்களில் நூலகத்தில் என் கைக்குக் கிடைத்தது ஒரு பெரியாரின் வாழ்க்கை. அவர் வேதியியல் கற்கக் கடல் கடந்து சென்றார். பிறமொழியில் கற்றுப் பிறநாட்டார் மெச்சும் பட்டம் பெற்றார். பின்பு தாய்நாடு திரும்பி, தாம் கற்ற முழுவதையும் தம் மக்களுக்கே கொடுத்தார். இந்திய வேதியியலின் தந்தை என்று போற்றப்பெறும் ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ராய் அவர்களே அப்பெரியார். அவருடைய வாழ்வை, குறிப்பாக அவருடைய மாணவப் பருவத்தை, என்னோடு பயிலும் தோழர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றங்கரைச் சிற்றூர்

1861-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள், ராருளி என்னும் சிற்றூரில் பிரபுல்லர் பிறந்தார். கபோதாட்ச ஆற்றின் கரையில் உள்ள அவ்வூர் அன்று ஜெசோர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று வங்காளதேசத்தின் குல்னா மாவட்டத்தில் உள்ளது. கவியரசர் இரவீந்திரநாத் தாகூர் பிறந்ததும் இதே ஆண்டில்தான்.

தந்தையார் ஹரிஷ் சந்திரர் நிலக்கிழார். பாரசீக மொழியைக் கற்றவர். ஆங்கிலக் கல்வியின் சிறப்பையும் உணர்ந்தவர். வீட்டில் நல்ல நூலகம் ஒன்றை அமைத்திருந்தார். ஊரில் பள்ளிக்கூடம் நடத்தினார். தாயார் பெயர் புவனமோகினி. பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு 1870-இல் குடும்பம் கல்கத்தா நகருக்குக் குடிபெயர்ந்தது. பிரபுல்லர் அங்கு ஹேர் பள்ளியில் சேர்ந்தார்.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1874-இல் கடுமையான சீதபேதி அவரைத் தாக்கியது. பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. நோய் தணிந்தபோதும் அது விட்டுச்சென்ற செரிமானக் கோளாறும் தூக்கமின்மையும் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பள்ளி வாசலை மிதியாமல் வீட்டிலேயே இருந்தார்.

மற்றவர்கள் வீண் என்று கருதும் அந்த இரண்டு ஆண்டுகளே அவரை உருவாக்கின. தந்தையின் நூலகம் அவருக்குப் பள்ளியாயிற்று. வரலாறும் இலக்கியமும் பெரியோர் வாழ்க்கையும் படித்தார். அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி அறிவியலாராய் உயர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினின் வரலாறு அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. இலத்தீன், கிரேக்கம் ஆகிய மொழிகளைத் தாமே முயன்று கற்கத் தொடங்கினார். எந்தத் தேர்வுக்காகவும் அவர் அவற்றைப் படிக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் அந்த இலத்தீனே அவரைக் கடல் கடத்திச் சென்றது.

வாடகை அறையில் ஓர் ஆய்வகம்

உடல் தேறியபின் கேசவ சந்திர சேனர் நிறுவிய ஆல்பர்ட் பள்ளியில் படித்து, 1879-இல் நுழைவுத் தேர்வில் தேறினார். பிறகு ஈசுவர சந்திர வித்யாசாகரர் நடத்திவந்த மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் கட்டணம் குறைவு. குடும்பச் சொத்து கரைந்துகொண்டிருந்த காலம் அது. மேலும், நாட்டுத் தலைவர் சுரேந்திரநாத் பானர்ஜி அங்கு ஆங்கில இலக்கியம் கற்பித்து வந்தார்.

அறிவியல் பாடங்களுக்கு மட்டும் மாநிலக் கல்லூரிக்கு, அதாவது கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரிக்கு, வெளி மாணவராகச் சென்றார். அங்கு அலெக்சாண்டர் பெட்லர் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் வேதியியல் கற்பித்தார். வகுப்பில் சோதனைகளைத் தெளிவாகச் செய்துகாட்டுவதில் பெட்லர் வல்லவர். இலக்கியத்தில் திளைத்திருந்த பிரபுல்லரின் மனம் அந்தச் சோதனைகளைக் கண்டு வேதியியல் பக்கம் திரும்பியது.

வகுப்பில் கண்டதைத் தாமே செய்துபார்க்கவேண்டும் என்ற ஆவல் எழுந்தது. ஒரு நண்பர் தங்கியிருந்த அறையில் சிறிய ஆய்வகம் ஒன்றை அமைத்தார்கள். கருவி வாங்கப் பணம் ஏது? ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் ஊதுகுழலைத் தெருவில் தகர வேலை செய்பவரைக் கொண்டு மெல்லிய தகட்டால் செய்துகொண்டார்கள். ஒருநாள் பழுதுபட்ட கருவி பேரோசையுடன் வெடித்தது. நல்லகாலமாக எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆய்வகத்தில் ஒரு சோதனைக்குழாய் உடைந்தால் முகம் வாடும் நாம் இந்நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ளலாம்.

நான்கு மொழித் தேர்வு

அக்காலத்தில் கில்கிறைஸ்ட் உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. அதற்கான போட்டித் தேர்வில் வெற்றி பெறுபவர் பிரிட்டன் சென்று பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். லண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு ஒப்பான கடினமான தேர்வு அது. குறைந்தது நான்கு மொழிகளில் தேர்ச்சி வேண்டும். இந்திய மாணவர்கள் பெரும்பாலோர் அந்த நிபந்தனையைக் கண்டே விலகிவிடுவார்கள்.

நோய்க்காலத்தில் கற்ற இலத்தீன் இப்போது கைகொடுத்தது. சமற்கிருதமும் பிரெஞ்சும் ஆங்கிலமும் சேர்ந்தன. தாம் தேர்வுக்குப் படிப்பதைப் பலரிடம் சொல்லாமல் மறைவாகவே படித்துவந்தார். செய்தி எப்படியோ வெளியாகி, வகுப்பில் கேலி செய்தவர்களும் உண்டு. தேர்வு முடிவு வந்தபோது இந்தியா முழுவதிலும் இருவரே வெற்றி பெற்றிருந்தனர். ஒருவர் பம்பாயைச் சேர்ந்த பார்சி இளைஞர் பகதூர்ஜி. மற்றவர் பிரபுல்ல சந்திரர். கடல் கடப்பது பாவம் என்று கருதிய குடும்பங்கள் நிறைந்த காலத்தில் ராயின் பெற்றோர் மகனுக்கு மனமுவந்து விடை கொடுத்தனர். 1882-இல், 21-ஆம் வயதில், அவர் கப்பல் ஏறினார்.

எடின்பரோவில் ஆறு ஆண்டுகள்

லண்டனில் அவரை வரவேற்றுச் சில நாட்கள் உடன் வைத்துக்கொண்டவர், அங்கு ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த ஜகதீச சந்திர போஸ். இருவரிடையே அன்று மலர்ந்த நட்பு வாழ்நாள் முழுதும் நிலைத்தது. லண்டனிலிருந்து வடக்கே ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவுக்குச் சென்று, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ராய் சேர்ந்தார். வங்கத்தின் வெயிலில் வளர்ந்த நோயுடல் அந்நகரின் குளிருக்குப் பழகவேண்டியிருந்தது. ஆங்கிலேயரின் வாலங்கி அவருக்குப் பிடிக்கவில்லை. நம் நாட்டு முறையில் நீண்ட அங்கி தைத்து அணிந்துகொண்டார்.

எடின்பரோ வேதியியலில் பழம்பெருமை உடைய இடம். கார்பன் டைஆக்சைடு வாயுவை முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்த ஜோசப் பிளாக், 18-ஆம் நூற்றாண்டில் அங்கே பேராசிரியராக இருந்தார். ராய் சென்ற காலத்தில் வேதியியல் பேராசிரியர் அலெக்சாண்டர் கிரம் பிரவுன். இவரைப் பற்றி நாம் சிறிது அறிந்துகொள்ளவேண்டும். இன்று நாம் கரிம வேதியியலில் அணுக்களைக் கோடுகளால் இணைத்து மூலக்கூறின் அமைப்பை வரைகிறோம் அல்லவா? அந்த முறையை 1860-களில் வகுத்து வளர்த்தவர்களுள் முதன்மையானவர் இவர். அணுவின் குறியைச் சுற்றி ஒரு வட்டம், வட்டங்களுக்கிடையே பிணைப்பைக் காட்டும் கோடு என்று அவர் வரைந்தார். பின்னர் வட்டம் மறைந்தது, கோடு நின்றது. அந்தக் கோட்டுக்கு எந்த மொழியும் தேவையில்லை. வங்காளியும் ஸ்காட்லாந்துக்காரரும் தமிழரும் அதை ஒரே பொருளில்தான் படிக்கிறார்கள்.

அதே ஆய்வகத்தில் ராயுடன் பயின்ற ஜேம்ஸ் வாக்கர், அலெக்சாண்டர் ஸ்மித், ஹியூ மார்ஷல் ஆகியோர் பின்னாளில் புகழ்பெற்ற வேதியியலாராய்த் திகழ்ந்தனர். அந்நாளில் வேதியியலின் சிறந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் வந்தன. அவற்றை நேரே படிக்கவேண்டும் என்பதற்காக ராய் ஜெர்மனும் கற்றார். அவருக்கு மொழி என்பது ஒரு கருவி. பூட்டுக்கு ஏற்ற சாவியைத் தேடுவதுபோல், நூலுக்கு ஏற்ற மொழியைத் தேடிக் கற்றார். அதில் பெருமையும் இல்லை; தாழ்வும் இல்லை.

1885-இல் பி.எஸ்ஸி. பட்டம் பெறவிருந்த வேளையில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. சிப்பாய்க் கலகம் என்று ஆங்கிலேயர் அழைத்த 1857 எழுச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா எந்நிலையில் இருந்தது என்பது பற்றிச் சிறந்த கட்டுரை எழுதுபவருக்குப் பரிசு என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. ராய் சோதனைக்குழாய்களைச் சில காலம் ஒதுக்கி வைத்துவிட்டு, நூலகத்தில் இந்தியா பற்றிய நூல்களை ஒன்றுவிடாமல் படித்தார். பிரிட்டிஷ் ஆட்சியின் குறைகளை அஞ்சாமல் எழுதினார். அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆயினும் சிறந்த கட்டுரைகளுள் ஒன்று என்று பாராட்டப்பட்டது. அதை 1886-இல் நூலாக அச்சிட்டுப் பலருக்கும் அனுப்பினார். இங்கிலாந்தின் அரசியல் தலைவர் ஜான் பிரைட் அதைப் படித்து ஆதரவாகக் கடிதம் எழுத, அக்கடிதம் செய்தித்தாள்களில் வெளிவந்தது. உதவித்தொகையில் வாழும் மாணவர் ஒருவர், தமக்குக் கல்வி தரும் நாட்டின் நடுவே நின்று, அந்நாட்டின் ஆட்சியைக் குறைகூறி எழுதினார் என்பதை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

1887-இல் அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. தாமிரம், மக்னீசியம் முதலிய உலோகங்களின் சல்பேட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாக்கும் இரட்டை உப்புகளே அவருடைய ஆய்வுப்பொருள். இது நமக்கு எட்டாத பொருள் என்று எண்ணவேண்டாம். நாம் தரம்பார்த்தல் சோதனைக்கு எடைபோட்டு எடுக்கும் மோர் உப்பு, அதாவது பெரஸ் அம்மோனியம் சல்பேட்டு, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் ஆய்வக அலமாரியில் உள்ள அந்த வெளிர்பச்சைப் படிகத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு இப்போது எடின்பரோ நினைவுக்கு வருகிறது.

பட்டத்தோடு ஹோப் பரிசு உதவித்தொகையும் கிடைத்ததால் மேலும் ஓர் ஆண்டு தங்கி ஆராய்ச்சி செய்தார். 1888-இல் பல்கலைக்கழக வேதியியல் சங்கத்தின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஹோப் என்ற பெயரோடு தொடர்புடைய மற்றொரு செய்தியையும் இங்குச் சொல்லவேண்டும். பேராசிரியர் ஹோப் பெண்களுக்கு வேதியியல் சொற்பொழிவு ஆற்றிச் சேர்த்த பணத்தில் அமைந்தது அந்த உதவித்தொகை. ஆனால் 1870-இல் அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் தேர்வு எழுதி, அந்த உதவிக்கு உரிய இடத்தைப் பெற்ற எடித் பீச்சி என்ற மாணவிக்கு, பெண்களுக்குத் தனி வகுப்பு நடந்தது என்று காரணம் காட்டி அது மறுக்கப்பட்டது. அப்போதும் பேராசிரியர் கிரம் பிரவுன்தான். வங்கத்து இளைஞருக்குத் திறந்த கதவு, அந்நாட்டுப் பெண்ணுக்கு மூடப்பட்டிருந்தது. அந்த எடித் பீச்சி பின்னர் மருத்துவராகி, பம்பாய்க்கு வந்து இந்தியப் பெண்களுக்குத் தொண்டாற்றினார். உலகத்துக்கெல்லாம் பொதுவானது என்று சொல்லப்படும் கல்விக்கூடத்திலும் எவருக்கோ ஒரு வாசல் அடைத்திருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

டாக்டர் பட்டமும் 250 ரூபாயும்

1888 ஆகஸ்டில் ராய் தாயகம் திரும்பினார். எடின்பரோவின் டி.எஸ்ஸி.யும் பேராசிரியர்களின் நற்சான்றுகளும் கையில் இருந்தன, வேலை இல்லை. கல்வித் துறையின் உயர்நிலைப் பதவிகள் நடைமுறையில் ஆங்கிலேயருக்கே போய்க்கொண்டிருந்தன. ஏறத்தாழ ஓர் ஆண்டு வேலையின்றி நண்பர் போஸின் இல்லத்தில் தங்கிக் காலம் கழித்தார். இறுதியில் 1889-இல் பிரசிடென்சிக் கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பதவி மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் கிடைத்தது. அவருக்கு நிகரான தகுதி உடைய ஆங்கிலேயர் உயர்பணியில் சேர்ந்து அதைவிடப் பன்மடங்கு பெற்றனர். கல்வித்துறைத் தலைவரிடம் சென்று முறையிட்டார். வேதியியல் இவ்வளவு தெரிந்தவருக்குப் பிழைக்க வேறு வழியா இல்லை என்ற பொருள்பட அவர் பேசி அனுப்பிவிட்டார்.

அந்தச் சொல் ராயைச் சுட்டது. ஆனால் அவர் அதைப் பகையாக வளர்க்கவில்லை. வேறு வழி உண்டா என்று உண்மையிலேயே தேடினார். அதன் விளைவை இனிக் காண்போம்.

எலும்பும் காகமும் மருந்தும்

கல்லூரியில் படித்து வெளியேறும் இளைஞர் அனைவரும் குமாஸ்தா வேலையையே நாடுவது கண்டு அவர் வருந்தினார். வேதியியல் கற்றவன் பொருள் உண்டாக்கத் தெரிந்தவனாக இருக்கவேண்டாமா என்று கருதினார். 1892-இல், சில நூறு ரூபாய் முதலுடன், மேல் சர்க்குலர் சாலை 91-ஆம் எண் வாடகை வீட்டில் மருந்துப் பொருள்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார்.

பாஸ்பேட்டு உப்புகள் செய்ய எலும்பு வேண்டும். கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டைகளாக எலும்பு வாங்கி மாடியில் உலர்த்தினார். காகங்கள் கூட்டமாய் வந்து இறைச்சித் துணுக்குகளைக் கொத்தி அண்டை வீடுகளில் போட்டன. அக்கம்பக்கத்தார் சினந்தெழுந்தனர். எலும்பை வேறிடத்துக்கு எடுத்துச் சென்று எரித்துச் சாம்பலாக்கிக் கொண்டுவந்தார். காலையிலும் மாலையிலும் மருந்துச் செய்முறை. இடையில் கல்லூரியில் பாடம். நண்பர் டாக்டர் அமூல்ய சரண் போஸ் உடன் நின்று, அம்மருந்துகளை மற்ற மருத்துவர்களிடம் எடுத்துச் சென்று பரப்பினார். அவர் 1898-இல் பிளேக் நோய்க்குப் பலியானார். உடன் உழைத்த வேதியியல் பட்டதாரி சதீச சந்திர சிங்கர், ஆய்வகத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சுக்குத் தவறுதலாக இரையானார். இரு துணைகளையும் இழந்தபின்னும் ராய் நிறுவனத்தைக் கைவிடவில்லை. 1901-இல் அது வங்காள வேதியியல் மருந்துத் தொழிற்சாலை என்ற பெயரில் வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. பிற்காலத்தில், 1980-இல், அது நாட்டுடைமை ஆக்கப்பட்டது.

மஞ்சள் படிகம்

ஆராய்ச்சியையும் அவர் விடவில்லை. நெய்யிலும் கடுகெண்ணெயிலும் செய்யப்படும் கலப்படத்தைப் பகுத்தறிவதே இந்தியாவில் அவர் மேற்கொண்ட முதல் ஆராய்ச்சிகளுள் ஒன்று. அடுப்படியிலிருந்தே அவர் ஆராய்ச்சி தொடங்கியது எனலாம்.

1896-இல் வெளிவந்தது அவருடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் மிகுதியான பாதரசத்தின்மேல் வினைபுரியச் செய்தார். மெர்க்குரஸ் நைட்ரேட்டு கிடைக்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. முதலில் கார உப்பு என்று எண்ணினார். அமிலம் மிகுந்த கரைசலில் கார உப்பு எப்படி உண்டாகும் என்ற ஐயம் எழுந்தது. அதை அலட்சியம் செய்யாமல் சோதித்தார். அது ஒருங்கே மெர்க்குரஸ் உப்பாகவும் நைட்ரைட்டாகவும் விளங்கியது. மெர்க்குரஸ் நைட்ரைட்டு என்ற அந்தச் சேர்மம் அதுவரை எவரும் பிரித்தெடுக்காதது. நைட்ரைட்டுகள் பற்றிப் பின்னர் தொடர்ந்து பல கட்டுரைகள் எழுதினார். எதிர்பாராத நிறம் தோன்றினால் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பக்கத்து மேசையின் முடிவை எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த மஞ்சள் படிகத்தை அவர் கழுவி ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்தியாவின் பழைய வேதியியல் அறிவைச் சமற்கிருதச் சுவடிகளிலிருந்து திரட்டி, இந்து வேதியியல் வரலாறு என்ற பெருநூலை இரண்டு பகுதிகளாக 1902-இலும் 1909-இலும் வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் பெர்த்தலோ கொடுத்த ஊக்கமே அந்நூலுக்குத் தூண்டுகோல்.

வகுப்பறையில் ஆச்சாரியர்

இவ்வளவு பெருமை உடையவர் மேல்வகுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டாரா? இல்லை. தொடக்க வகுப்பு மாணவர்களுக்குக் கற்பிப்பதையே பெரிதும் விரும்பினார். ஈரமான மண்ணே குயவன் கைக்கு இசையும் என்பது அவர் எண்ணம். எலும்பை எரித்த சாம்பலில் ஒரு சிட்டிகையை வகுப்பின் முன்னே வாயில் போட்டுக்கொள்வாராம். எரித்தபின் அது வெறும் கால்சியம் பாஸ்பேட்டு. எந்த விலங்கின் எலும்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று காட்டுவதற்காக. வேதியியல் பாடமும் தீட்டு பற்றிய பாடமும் அந்த ஒரு சிட்டிகையில் அடங்கிவிட்டன.

வகுப்பில் வேண்டிய இடங்களில் தாய்மொழியாகிய வங்காளத்திலேயே விளக்குவார். இதுவே என் நெஞ்சைத் தொட்ட செய்தி. அவருக்கு ஆங்கிலம் வராது என்று எவரும் சொல்லமுடியாது. ஷேக்ஸ்பியரில் தோய்ந்தவர், எடின்பரோவில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தவர், தம் பெருநூல்களை ஆங்கிலத்தில் எழுதியவர். அப்படிப்பட்டவரே, பிறமொழி வாயிலாக எல்லாப் பாடங்களையும் கற்கும்படி சிறுவர்களை வற்புறுத்துவது அவர்களுடைய ஆற்றலை வீணாக்குகிறது என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். வங்காளத்தில் எளிய அறிவியல் நூல் எழுதினார். மொழி தெரியாதவர் இப்படிச் சொல்லியிருந்தால் இயலாமை என்று உலகம் ஒதுக்கியிருக்கும். மொழிகள் பலவற்றை வென்றவர் சொன்னதால் அதற்கு மதிப்பு உண்டாயிற்று.

அவருடைய மாணவர் வரிசை நீண்டது. நீலரத்தன் தர், ஞான சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி ஆகியோர் வேதியியலில் புகழ்பெற்றனர். சத்தியேந்திரநாத் போசும் மேகநாத சாகாவும் இயற்பியலில் உலகப் புகழ் எய்தினர். இவர்களுள் மேகநாத சாகா, டாக்கா அருகே சிற்றூரில் சிறு மளிகைக் கடைக்காரர் மகன். வீட்டில் எவரும் கல்லூரி காணாத நிலையிலிருந்து வந்து, விண்மீன்களின் ஒளியை விளக்கும் சமன்பாட்டை உலகுக்கு அளித்தவர்.

கொடுத்தே வாழ்ந்தவர்

1916-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, அசுதோஷ் முகர்ஜி உருவாக்கிய கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியராகச் சேர்ந்தார். 1919-இல் அரசு சர் பட்டம் அளித்தது. 1921-இல் 60 வயது நிறைந்தபோது, அதன்பின் வரும் தம் சம்பளம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். 1922-இல் வட வங்கத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து, ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் பெறுமான நிவாரணம் திரட்டினார். 1924-இல் இந்திய வேதியியல் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அறிவியல் கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் எளிய அறையில் வாழ்ந்தார். ஏழை மாணவர் சிலர் அவருடன் தங்கிப் படித்தனர். கையால் நூற்ற நூலில் நெய்த கதராடையை உடுத்தினார். 1932-இலும் 1935-இலும் இரு பகுதிகளாகத் தன்வரலாறு எழுதினார். 1936-இல், 75-ஆம் வயதில், பேராசிரியர் பொறுப்பிலிருந்து விடைபெற்றார். 1944 ஜூன் 16-ஆம் நாள் அதே அறையில், மாணவர்கள் சூழ, அவர் உயிர் பிரிந்தது.

நாம் கற்கவேண்டுவது

ராயின் வாழ்வைப் படித்து முடித்தபோது என் ஐயத்துக்கு விடை கிடைத்தது. ஆங்கிலத்தில் வேதியியல் கற்கவேண்டியிருக்கிறதே என்று அஞ்சி ஓடுவது அவர் காட்டிய வழி அன்று. வேண்டிய மொழியை அவர் தேடிச் சென்று கற்றார். ஆங்கிலம் வந்துவிட்டது என்பதற்காகத் தாய்மொழியில் கேட்பவனை ஏளனமாகப் பார்ப்பதும் அவர் காட்டிய வழி அன்று. ஆற்றைக் கடந்தவர், படகைத் தமக்கென்று கட்டிவைத்துக் கொள்ளவில்லை. மறுகரைக்குத் திருப்பி ஓட்டிவந்து நின்றவர்களையும் ஏற்றிக்கொண்டார்.

நம் வகுப்புக்கும் ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுபவர்கள். முதல் பருவத்தில் என் குறிப்பேட்டின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் வலப்பக்கம் தமிழ்ச் சொல்லுமாக எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, எனக்கு வேதியியல் தெரியும் என்பது எனக்கே தெரிந்தது. அந்தக் குறிப்பேடு இப்போது முதலாண்டு மாணவர்களிடம் கைமாறிக்கொண்டிருக்கிறது. அது மிகச் சிறிய செயல். ஆயினும் மாற்றுச் சான்றிதழ் கேட்டு அலுவலக வாசலில் நிற்க நினைக்கும் ஒருவனையேனும் அது ஆய்வகத்துக்குத் திருப்பி அனுப்புமானால், ஆச்சாரியர் ராயின் வாழ்வைப் படித்த பயனை நான் அடைந்தவன் ஆவேன்.